எண்பத்து மூன்று கிலோ வரை ஒரு பயணம்

சென்னைக்குப் போய் வந்தவர்கள் கோயிலைப் பற்றி எழுதுவார்கள், கடற்கரையைப் பற்றி எழுதுவார்கள், புடவைக் கடைக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்ததைப் பற்றிக்கூட எழுதுவார்கள். நான் அங்கே மூன்று மாதம் இருந்தேன். அந்த ஊரில் எனக்கு நன்றாகத் தெரிந்தது எடை பார்க்கும் மெஷின்கள்தான். மயிலாப்பூரில் எந்த மருந்துக்கடை வாசலில் இருப்பது அரைக் கிலோ கூட்டிக் காட்டும், கடற்கரையில் மெஷினோடு உட்கார்ந்திருப்பவரிடம் மணல் ஒட்டிய செருப்போடு ஏறினால் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதையெல்லாம் இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

மலேசியாவில், ஈப்போவில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். காலையில் ஆட்களை ஏற்றி இறக்க வேண்டும், மாலையில் திரும்ப ஏற்றி இறக்க வேண்டும். நடுவில் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடிக்க வேண்டும். தே தாரிக் என்றால் எங்கள் ஊர் ஆற்றிய டீ. பசும்பாலுக்குப் பதிலாக டப்பாவில் வரும் கெட்டி இனிப்புப் பால் விடுவார்கள். இருபது வருஷம் இப்படி உட்கார்ந்ததில் எடை எண்பத்தெட்டரைக்கு வந்து நின்றிருந்தது. ஜாஸ்தி என்று தெரியும். ஆனால் யாரும் கணக்குக் கேட்டதில்லை.

கேட்கும்படி ஆனது அக்காவால். அக்கா ரெஜினா வேளாங்கண்ணிக்குப் போன இடத்தில் மாமாவைப் பார்த்துப் பேசி முடித்து, சாந்தோமுக்குக் கல்யாணமாகிப் போனவள். எங்கள் அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்ததும் அவள்தான். ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத அவளுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. மாற்றினால்தான் பிழைப்பாள் என்றார்கள். ரத்த உறவில் ஒருவர் தன் கல்லீரலில் பாதிக்கு மேல் கொடுக்கலாம், மிச்சம் வளர்ந்துவிடும் என்றும் சொன்னார்கள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமாவின் ரத்த வகை சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது. அதனால் கிளம்பி வந்தேன்.

எத்தனை வருஷம் கழித்துப் பார்த்தாலும் அக்கா என்னைப் பார்த்ததும் சொல்லும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "இளைச்சுட்டியேடா." போன முறை கழுத்து எது, தாடை எது என்று தெரியாத கோலத்தில் வந்து நின்றபோதும் அதையே சொன்னாள். மாமா சிரித்துக்கொண்டே தட்டு வைத்தார். இந்த முறை கட்டிலில் சாய்ந்து கிடந்தாள். கண் இரண்டும் மஞ்சள். கைகால் குச்சி, வயிறு மட்டும் நீர் கோத்துப் பெரிதாக இருந்தது. என்னைப் பார்த்து "வந்துட்டியா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மறுநாள் மருத்துவமனை. என் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அது நல்ல சகுனமில்லை என்று எனக்குப் பட்டது.

"உங்க கல்லீரல்லயும் கொழுப்பு சேர்ந்திருக்குங்க. இதை இப்படியே எடுத்து வைக்க முடியாது. நாலு வாரம் தரேன். எண்பத்து மூணுக்கு வாங்க."

"வரலைன்னா டாக்டர்?"

"வேற ஆள் பார்க்கணும். உங்க அக்காவால ரொம்ப நாள் காத்திருக்க முடியாது."

வேறு ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

மாமா அருள்தாஸ் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். பள்ளியை விட்டு வந்து ஆறு வருஷமாகியும் விசில் கழுத்தில்தான் தொங்குகிறது. வெளியே வந்ததும் என் தோளைத் தட்டினார். "மச்சான், நீ கவலைப்படாதே. அஞ்சரை கிலோதானே. என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் க்ரீன் டீ குடிச்சே பதினாலு கிலோ இறக்கினான்." அன்று மாலையே நூறு பொட்டலம் அடங்கிய பெட்டி ஒன்று வந்தது.

முதல் கோப்பையை மறக்க முடியாது. ஈப்போவில் சீனச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் முதலில் இந்த நிறத்தில்தான் ஒரு கூஜாத் தேநீர் கொண்டுவந்து வைப்பார்கள். நாங்கள் அதைக் கோப்பை, கரண்டியெல்லாம் கழுவப் பயன்படுத்துவோம். இங்கே அதையே உட்கார்ந்து குடிக்க வேண்டியிருந்தது. வைக்கோல் ஊறிய தண்ணீர் போல இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்தேன். மாமா விசில் ஊதவில்லை, ஆனால் ஊதுவதற்குக் கை போனதைப் பார்த்தேன்.

இரண்டாம் நாளிலிருந்து நடை. விடிந்ததும் லஸ் பக்கத்துப் பூங்காவுக்கு மாமா என்னை ஓட்டிக்கொண்டு போவார். அங்கே நடப்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்களைப் போல வாயை மூடிக்கொண்டு நடப்பதில்லை. உலகத்து விவகாரம் மொத்தத்தையும் நாலு சுற்றில் முடித்துவிட்டு, வாசலில் தள்ளுவண்டியில் விற்கும் அருகம்புல் சாற்றை ஒரே மடக்கில் குடிக்கிறார்கள். பிறகு எதிர்ச்சாரியில் இருக்கும் ஓட்டலுக்குள் நுழைகிறார்கள். ஒருநாள் எனக்கு முன்னால் போன இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "ஆத்துல கஞ்சிதான் ஓய். எண்ணெயே கண்ணுல காட்டப்படாதுன்னுட்டா." "அப்போ வடை ஒண்ணு சொல்லட்டுமா?" "ரெண்டாச் சொல்லும். நடந்துண்டு வந்திருக்கோமே." வடையின் வாசனை வாசல் வரைக்கும் வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

எங்கள் தெரு முனை டீக்கடை இன்னொரு சோதனை. ஈப்போவில் 'கோசோங்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சர்க்கரையில்லாமல் வந்துவிடும், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். இங்கே சர்க்கரை வேண்டாம் என்பது விசாரணைக்குரிய விஷயம்.

"சுகரா சார்?" என்றார் டீ மாஸ்டர்.

"இல்லை."

"அப்பறம் இன்னாத்துக்கு பயப்புட்றீங்க?"

க்ரீன் டீப் பொட்டலத்தை வெந்நீரில் முக்கினார். அடுத்த கணமே கை தானாகப் போய் ஒரு கரண்டி சர்க்கரையை அள்ளிப் போட்டுச் சுழற்றியும்விட்டது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். "பழக்க தோஷம் சார்" என்று கொட்டிவிட்டு வேறு போட்டுக் கொடுத்தார். பரிதாபப்பட்டு ஒரு பட்டர் பிஸ்கட்டும் நீட்டினார். வாங்கிக்கொண்டு, தெரு நாய்க்குப் போட்டேன். அந்த நாய் மூன்று மாதத்தில் நன்றாகப் பெருத்துவிட்டது.

நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. மாதா கோயில் பங்கு மக்கள் வரிசையாக வந்தார்கள். ரொட்டி, ஆப்பிள், சத்துமாவு டப்பா, வீட்டில் செய்த கேக். அக்காவுக்கோ உப்புக்கூடக் கூடாது, அளந்துதான் சாப்பாடு. அவர்களும் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகமாட்டார்கள். "வெளிநாட்டுலேருந்து வந்த தம்பி சாப்பிடட்டும்" என்று எல்லாம் என் பக்கம் திரும்பும். நான் பச்சைத் தேநீர்க் கோப்பையைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திமிர் பிடித்தவன் என்று இரண்டு பேராவது நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

முதல் பத்து நாளில் எண்பத்தைந்தரைக்கு இறங்கினேன். தினமும் எங்களை ஏற்றிப் போகும் ஆட்டோக்காரர் லோகுவுக்கு என்னைவிடச் சந்தோஷம். முன்பு அடையாற்றின் கரையில் குடியிருந்தவர். வீட்டை இடித்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனாலும் சவாரி எல்லாம் இங்கேதான். வண்டியில் ஏறியதும் முதல் கேள்வி, "இன்னிக்கு எவ்ளோ கீது சார்?" நான் சொல்வேன். "சூப்பர். பெரிம்மாவ எப்டியாச்சும் தேத்திடலாம்" என்று ஆக்சிலேட்டரைத் திருகுவார். சிவப்பு விளக்கை அவர் ஒரு யோசனையாகத்தான் எடுத்துக்கொள்கிறார். இருபது வருஷ டிரைவரான நான் பின்னால் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவேன். அதிலும் கொஞ்சம் எடை குறைந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு முள் நகரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஆறு நாள். அதே எண்பத்தைந்தரை. மூன்று மெஷினில் ஏறிப் பார்த்தேன், மூன்றும் ஒன்றாகப் பேசின. அந்த வாரம்தான் அக்காவின் வயிற்றிலிருந்து இரண்டாம் முறை நீர் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவள் என்னை உற்றுப் பார்த்து, "அப்பா, தம்பி ஸ்கூலுக்குப் போயிட்டானா?" என்று கேட்டாள். அப்பா இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கல்லீரல் வடிகட்டாத நஞ்சு தலைக்கு ஏறினால் அப்படித்தான் பேசுவார்கள் என்று மருத்துவமனையில் முன்பே எச்சரித்திருந்தார்கள். மருந்து கொடுத்ததும் தெளிந்துவிட்டாள். எனக்குத்தான் தெளியவில்லை.

மறுநாள் நடப்பதற்குச் சப்பாத்து, அதாவது ஷூ, வாங்கத் தி.நகர் போனோம். அங்கே நடப்பதற்கு இடம் கிடையாது, கூட்டமே தூக்கிக்கொண்டு போய் ஏதாவது ஒரு கடையில் இறக்கிவிடும். எங்களை இறக்கிவிட்டது உடம்பு இளைப்பதற்கான சாமான்கள் விற்கும் ஒரு கடையில். கழுத்தில் டை கட்டிய இளைஞர் ஒருவர் பச்சை மூடி போட்ட டப்பாவை எடுத்து வைத்தார்.

"ஒரு கேப்ஸ்யூல், பத்து கப் க்ரீன் டீக்குச் சமம் சார். அப்படியே எசென்ஸ்."

"பின்விளைவு ஒண்ணும் இருக்காதே?" என்று மாமா கேட்டார்.

"இலைதானே சார்."

இலைதானே என்று எங்களுக்கும் பட்டது. பத்து நடை அடிக்க வேண்டிய ஆட்களை ஒரே நடையில் ஏற்றலாம் என்றால் எந்த பஸ் டிரைவருக்குத்தான் கசக்கும்? ஒரு நாளைக்கு ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்தது. நான் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு, மாலையில் இரண்டு விழுங்கினேன். அதற்கு மேல் ஆறு கோப்பைத் தேநீரும் குடித்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை, இது மருந்தில்லையே என்ற நினைப்பு. வாய் கசந்தது, பசி போயிற்று. பசி போனது நல்லதுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். எட்டு நாளில் முள் எண்பத்து நாலுக்குக் கீழே வந்துவிட்டது. லோகு தன் செலவில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

நாலாம் வாரக் கடைசியில் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் காலையிலேயே வரச் சொல்லிப் போன் செய்தார்கள்.

டாக்டரம்மா காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். "போன மாசம் கொழுப்பு மட்டும்தான் இருந்துச்சு. இப்ப கல்லீரலே அடி வாங்கியிருக்கு. குடிச்சீங்களா?"

"சத்தியமா இல்லை டாக்டர்."

"வேற எதாவது? லேகியம், கஷாயம், மாத்திரை?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா கைப்பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். முப்பது வருஷம் பையன்களைப் பிடித்து நிறுத்திய மனிதர், பிடிபட்ட பையனைப் போல நின்றார். டாக்டரம்மா பின்பக்கத்தைப் படித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டீ குடிங்க. ரெண்டு கப், மூணு கப், நான் வேணாங்கலை. அது டீ. இது டீ இல்லை. அதுல இருக்கறதைப் பிழிஞ்சு அடைச்சது. சில பேரோட கல்லீரல் இதைத் தாங்காது. இன்னையோட நிறுத்திடுங்க. இந்த ரத்த அளவெல்லாம் தானா இறங்கினா மறுபடி பார்க்கலாம்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"உங்க கல்லீரல்தான் சொல்லணும்."

திரும்பி வரும்போது மாமா விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். கொடுக்க வந்த பொருளை என் கையாலேயே கெடுத்துவிட்டேன். அடையாறு பாலத்தில் லோகு கண்ணாடியில் பார்த்து, "இன்னா சார், எடை ஏறிக்கிச்சா?" என்றார். இல்லையென்று தலையாட்டினேன்.

அக்காவிடம் மறைக்க முடியவில்லை. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஆண்டவரே வேணாங்கறாருடா. ஊருக்குப் போயிடு. உனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுங்க. எனக்கு யார் இருக்கா, நான் போனாப் போறேன்."

"ஆண்டவர் ஒண்ணும் சொல்லலைக்கா. கடைக்காரன் சொன்னான், நான் கேட்டேன். நான் போகமாட்டேன்."

"உன்னை வெட்டி எடுத்துக்கிட்டு நான் வாழணுமா?"

"ஆமா, வாழணும்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை.

நானும் அவளுடைய தம்பிதானே. டப்பாவை மாமா எங்கே எறிந்தாரோ, கேட்கவில்லை. காலையில் பட்டினப்பாக்கம் வரை போய், கடலோரமாகவே கலங்கரை விளக்கம் வரை நடந்தேன், மாலையில் இன்னொரு தடவை. வழியில் மீன் விற்கும் அம்மா ஒருவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "மீன வெறுமன வேவ வச்சி துன்னு நைனா. எண்ண ஊத்தாத. ஒடம்பு தானா எறங்கும்" என்று சங்கரா மீன்களைப் பொறுக்கிப் போட்டார். டாக்டரம்மா கொடுத்த சாப்பாட்டுத் தாளிலும் அதுதான் இருந்தது. நாங்கள்தான் அதைப் படிக்காமல் பெட்டிக்குமேல் பெட்டியாக இலையை வாங்கியிருக்கிறோம்.

தேநீர் மட்டும் இரண்டு கோப்பை, காலையில் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. அதை நானே போட்டுக்கொண்டு அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து குடிப்பேன். அவள் சுவரைப் பார்ப்பாள், நான் அவள் முதுகைப் பார்ப்பேன். எப்போது என்று தெரியாது, அந்த வைக்கோல் தண்ணீர் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. ஐந்தாம் நாள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "அந்தக் கருமத்தை எப்படித்தான் குடிக்கிறியோ."

"பழகிடுச்சுக்கா."

கொஞ்ச நேரம் கழித்து, "கேக்கு இருக்கு. ஒரு துண்டு எடுத்துக்கயேன்" என்றாள்.

"வேணாம்க்கா."

மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனை. அன்றைக்குப் பார்த்து லோகுவின் வண்டி வழியில் படுத்துவிட்டது. வேறு ஆட்டோவும் கிடைக்காததால், திருமயிலையில் பறக்கும் ரயிலைப் பிடிப்போம் என்றார் மாமா. ஏறி உட்கார்ந்து, காற்று வாங்கி, கூவம் வாசனை வந்தபிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. சேப்பாக்கம். மருத்துவமனை இருக்கும் தரமணிப் பக்கம் போக வேண்டியவர்கள் நேர் எதிர்த்திசையில் வந்திருக்கிறோம். "மாமா, நாப்பது வருஷமா இந்த ஊர்லதானே இருக்கீங்க?" என்றேன். "இந்த ரயில்ல ஏறினதில்லை மச்சான். எனக்கு சைக்கிள்தான்" என்றார். இறங்கி, படியேறி, படியிறங்கி, எதிர் ரயிலைப் பிடித்து, போய்ச் சேர்ந்த நிலையத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக மருத்துவமனைக்குள் நுழைந்தோம். ரத்தம் எடுக்கும் அறையைப் பூட்ட ஐந்து நிமிஷம் இருந்தது. மாமாவுக்கு மூச்சு வாங்கியது. எனக்கு வாங்கவில்லை என்பதை நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன்.

எடை எண்பத்திரண்டே முக்கால். ரத்தமும் ஸ்கேனும் பார்த்த டாக்டரம்மா இந்த முறை பேனாவை மூடவில்லை. "வாங்க, தேதி எழுதிடலாம்" என்றார். மாமா எழுந்து வெளியே போனார். தாழ்வாரத்திலிருந்து ஒரே ஒரு விசில் சத்தம் கேட்டது, பிறகு ஒரு நர்ஸ் அதட்டும் சத்தம் கேட்டது.

அறுவைக்கு முந்தின நாள் எங்களை அடுத்தடுத்த அறையில் சேர்த்தார்கள். அக்கா சக்கர நாற்காலியில் என் அறைக்கு வந்தாள். கொஞ்ச நேரம் என் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பயமா இருக்குடா" என்றாள். "எனக்கும்தான்" என்றேன்.

அறுவையைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியாது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். விழித்தபோது வயிற்றில் யாரோ பஸ்ஸை நிறுத்திவைத்திருந்த மாதிரி இருந்தது. சில நாளில் குடிக்க ஏதாவது தரலாம் என்றார்கள். என்ன வேண்டும் என்று நர்ஸ் கேட்டார். தே தாரிக் என்று சொல்லத்தான் வாய் போனது. அதற்குள் அவரே, பால் கூடாது, வெறும் டீ வேண்டுமானால் தருகிறேன் என்றார். சரி என்றேன்.

ஏழாம் நாள் மாமா என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக அக்காவின் அறைக்குக் கூட்டிப் போனார். எனக்கும் முகமூடி, அவளுக்கும் முகமூடி. கட்டிலைச் சற்று உயர்த்தி வைத்திருந்தார்கள். வயிற்றிலும் கழுத்திலும் குழாய்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மாமா அவள் கையைத் தொட்டு, "ரெஜினா, யார் வந்திருக்கான் பாரு" என்றார்.

கண்ணைத் திறந்தாள். மஞ்சள் வெளுத்திருந்தது. தலையிலிருந்து கால்வரை என்னை ஒருமுறை பார்த்தாள், மறுபடியும் மேலே வந்து பார்த்தாள். முகமூடிக்குள் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"இளைச்சுட்டியேடா."

"ஆமாக்கா," என்றேன். "எண்பத்தொண்ணு."